சிக்கனம் போதித்தவர்களும் கணக்கு எழுதியவர்களும்

பத்திரிகைத் தொழிலில் நான் பல வருடங்களைக் கழித்த ஆசிரியபீடங்களில் பொருளாதாரம் என்ற சொல்லுக்கு ஒரு பொருளே இருந்தது. வரவு செலவுத் திட்டம், மத்திய வங்கியின் ஆண்டறிக்கை, தேயிலை ஏலத்தின் விலை, வெளிநாட்டுக் கடன் ஆகியவையே பொருளாதாரச் செய்திகளாகக் கருதப்பட்டன. ஒரு குடும்பம் மாதத்தின் கடைசி வாரத்தை எவ்வாறு கடக்கிறது என்பது பெண்கள் பகுதிக்குரிய விடயமாக ஒதுக்கப்பட்டது. அங்கும் சமையல் குறிப்புக்கும் அழகுக் குறிப்புக்கும் இடையில் இடம் மிஞ்சினால்தான் அது அச்சேறியது. பொருளாதாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே ‘வீட்டு நிர்வாகம்’ என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதை நினைத்துப் பார்க்கும்போது, இந்த ஒதுக்கல் வேடிக்கையானதாகத் தோன்றுகிறது.

வீட்டுப் பணத்தையும் வாழும் முறையையும் பற்றிய எழுத்து, உலகின் பல பாகங்களில் நீண்டகாலமாக வளர்ந்துவந்திருக்கும் ஒரு தனி எழுத்து வகையாகும். பெரும் செல்வந்தராவதற்கு வழி கூறும் நூல்களை நான் இங்கு குறிப்பிடவில்லை. கையில் இருக்கும் பணத்தைக் கொண்டு மானத்தோடும் மனநிறைவோடும் எவ்வாறு வாழ்வது என்று எழுதியவர்களையே குறிப்பிடுகிறேன். அவர்களில் எனக்கு விருப்பமான சிலரை வரலாற்று ஒழுங்கில் நினைவுகூருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த எழுத்தாளர்களை நான் இரு வகையினராகப் பிரித்துப் பார்ப்பதுண்டு. ஒரு சாரார் சிக்கனத்தைப் போதித்தவர்கள். மற்றைய சாரார் கணக்கை எழுதிக் காட்டியவர்கள். முதலாமவர் வாசகன் எப்படி வாழவேண்டும் என்று கூறினார்கள். இரண்டாமவர் ஒரு குடும்பம் உண்மையில் எப்படி வாழ்ந்தது என்பதைச் சதக் கணக்கில் பதிவுசெய்தார்கள். வறுமைக்கு வறியவர்களே பொறுப்பா என்ற பழைய வழக்கு இந்தப் பிரிவினைக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது.

போதித்தவர்களின் வரிசையில் முதலில் நிற்பவர் பெஞ்சமின் பிராங்ளின். 1706 ஆம் ஆண்டு பொஸ்டன் நகரில் சவர்க்காரமும் மெழுகுவர்த்தியும் செய்து விற்ற ஒருவரின் மகனாகப் பிறந்து, பிலடெல்பியாவில் அச்சுக்கூடம் நடத்தி உயர்ந்தவர். ‘ஏழை ரிச்சார்ட்’ என்ற கற்பனை மனிதரின் பெயரில் 1732 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வருடந்தோறும் ஒரு பஞ்சாங்கத்தை அவர் வெளியிட்டார். நாட்பலன்களுக்கு இடையில் கிடைத்த வெற்றிடங்களை உழைப்பையும் சிக்கனத்தையும் வலியுறுத்தும் பழமொழிகளால் நிரப்பினார். 1757 இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது அந்தப் பழமொழிகளைத் தொகுத்து, 1758 ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்துக்கு முன்னுரையாக எழுதினார். ‘செல்வத்துக்கு வழி’ என்ற பெயரில் பின்னர் பல மொழிகளில் பரவியது அந்த முன்னுரைதான்.

அதை மேற்கோள் காட்டுவோர் பலர் அதன் முடிவைச் சொல்வதில்லை. ஓர் ஏலக்கடை திறப்பதற்காக மக்கள் காத்துநிற்கிறார்கள். வரிச்சுமையைப் பற்றி முறையிடும் அவர்களுக்கு ஆபிரகாம் என்ற முதியவர் சிக்கனத்தைப் பற்றி நீண்டதொரு பிரசங்கம் செய்கிறார். அரசாங்கத்தின் வரியைவிட சோம்பலும் வீண்பெருமையும் வசூலிக்கும் வரி அதிகம் என்பது அவருடைய வாதம். மக்கள் கேட்டுத் தலையசைக்கிறார்கள். ஏலம் தொடங்கியதும் வாரி வாங்குகிறார்கள். புதிய மேலங்கிக்குத் துணி வாங்க வந்திருந்த ரிச்சார்ட் மாத்திரம், பழையதையே இன்னும் கொஞ்சக் காலம் அணிவோம் என்று வீடு திரும்புகிறார். பிரசங்கத்தினால் எத்தனை பேர் திருந்துவர் என்பதை அந்தப் பிரசங்கத்தை எழுதியவரே நன்கு அறிந்திருந்தார்.

பிராங்ளினின் சுயசரிதையில் வரும் ஒரு சிறு கணக்கு இதைவிட எனக்கு விருப்பமானது. அவருடைய காலையுணவு நெடுங்காலமாகப் பாணும் பாலுமாகவே இருந்தது. இரண்டு பென்ஸ் விலையுள்ள மண் கிண்ணத்தில், ஈயக் கலவைக் கரண்டியால் அதை அவர் உண்டு வந்தார். ஒரு நாள் காலையில் சீனப் பீங்கான் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும் மேசைக்கு வந்தன. மனைவி அவருக்குத் தெரியாமல் 23 சிலிங் கொடுத்து வாங்கியிருந்தார். அயலவர்களைப் போலத் தன்னுடைய கணவரும் நல்ல பாத்திரத்தில் உண்ணத் தகுதியுடையவரே என்பதைத் தவிர வேறு காரணம் எதையும் அந்த அம்மையார் கூறவில்லை. காலப்போக்கில் அந்த வீட்டுப் பாத்திரங்களின் பெறுமதி பல நூறு பவுண்களாகப் பெருகியது என்று பிராங்ளின் எழுதுகிறார். சிக்கனத்தின் தந்தை என்று போற்றப்படுபவரின் வீட்டுக்குள்ளேயே ஆடம்பரம் நுழைந்த கதை இது. அதை மறைக்காமல் சொன்னதற்காகவே நான் அவரை மதிக்கிறேன்.

அடுத்தவர் லிடியா மரியா சைல்ட். 1829 இல் பொஸ்டனில் வெளிவந்த ‘சிக்கனமான இல்லத்தரசி’ என்ற அவருடைய நூல், சிக்கனத்தைக் குறித்து வெட்கப்படாதவர்களுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. அந்நாளைய சமையல் நூல்கள் வேலையாட்களை வைத்திருக்கும் செல்வந்த வீடுகளுக்காக எழுதப்பட்டவை. சைல்ட் அம்மையார் வறிய வீட்டுப் பெண்ணுக்காக எழுதினார். வந்த கடிதங்களின் வெற்றுப் பக்கத்தை எழுதுவதற்குச் சேமித்துவையுங்கள், கொழுப்புப் பாத்திரத்தில் வீணாக எதுவும் போகிறதா என்று பாருங்கள் என்றவாறான குறிப்புகள் நூல் முழுவதும் நிறைந்திருக்கின்றன. சில வருடங்களுக்குள் அது முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது.

இந்த அறிவு அவருக்கு ஏட்டிலிருந்து கிடைத்ததல்ல. 1828 இல் அவர் மணந்த டேவிட் சைல்ட் சட்டத்தரணி. உயர்ந்த இலட்சியங்கள் உடையவர். பத்திரிகை நடத்திக் கடனாளியானவர். பத்திரிகை நடத்துவது எத்தகைய செலவு என்பதை அறிந்த எனக்கு அந்த வீட்டின் நிலைமையை ஊகிப்பதில் சிரமமில்லை. அன்றைய சட்டத்தின்படி மணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுக்கே உரியது. சிக்கன நூலால் மனைவி ஈட்டிய பணமும் கணவனின் கடனுக்கே போய்ச் சேர்ந்தது.

1833 இல் அவர் அடிமை முறையைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். அடிமைகளின் உடனடி விடுதலையை வலியுறுத்திய அந்த நூல் பொஸ்டனின் மேட்டுக்குடியினரை ஆத்திரப்படுத்தியது. அவருடைய நூல்களின் விற்பனை சரிந்தது. பெருமைமிகு நூல்நிலையம் ஒன்று அவருக்கு வழங்கியிருந்த சலுகையைப் பறித்தது. 1826 இலிருந்து அவர் நடத்திவந்த சிறுவர் சஞ்சிகையின் சந்தாக்களைப் பெற்றோர் இரத்துச் செய்ததால் 1834 இல் அதைக் கைவிடவேண்டியதாயிற்று. கடிதத்தின் வெற்றுப் பக்கத்தைக்கூட வீணாக்காத ஒரு பெண், தன்னுடைய முழு வருமானத்தையும் மனச்சாட்சிக்காகப் பணயம் வைத்தார். எதற்காகச் சிக்கனமாக இருக்கவேண்டும் என்ற வினாவுக்கு நான் அறிந்த மிகச்சிறந்த விடை இதுவே. 1843 இல் அவர் தன்னுடைய பண விவகாரங்களைக் கணவனின் கணக்கிலிருந்து பிரித்துக்கொண்டார் என்பதையும் சொல்லவேண்டும்.

அதே மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் வாழ்ந்தவர் ஹென்றி டேவிட் தோரோ. 1845 ஜூலை 4 ஆம் திகதி வோல்டன் குளக்கரையில் தானே கட்டிய சிறு வீட்டில் குடியேறி, இரண்டு வருடங்களும் இரண்டு மாதங்களும் அங்கு வாழ்ந்தார். 1854 இல் வெளிவந்த ‘வோல்டன்’ நூலை இயற்கையின் துதியாகப் பலர் வாசிக்கிறார்கள். அதன் முதல் அத்தியாயத்தின் பெயர் ‘பொருளாதாரம்’ என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. வீடு கட்டிய செலவு 28 டொலர் 12½ சதம் என்று அதில் பட்டியலிடுகிறார். எட்டு மாதங்களுக்கான உணவுச் செலவு 8 டொலர் 74 சதம். அரைச் சதத்தையும் விடாத கணக்கு.

கணக்கைத் திறந்து காட்டுவதில் ஒரு நன்மை உண்டு. எழுதியவர் வலியுறுத்த விரும்பாத உண்மைகளும் அதில் அகப்பட்டுவிடுகின்றன. தோரோவின் வீடு நின்ற நிலம் அவருடைய நண்பர் எமர்சனுக்குச் சொந்தமானது. நிலவாடகை என்று ஒரு வரி அந்தப் பட்டியலில் இல்லை. பலகைகளுக்காக அவர் வாங்கிப் பிரித்தது, ரயில்பாதையில் வேலைசெய்த ஒரு வறிய அயர்லாந்துக்காரரின் குடிசையை. விலை 4 டொலர் 25 சதம். அந்தக் குடும்பம் தன் உடைமைகள் அனைத்தையும் ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு அதிகாலையில் வெளியேறியதையும் தோரோ பதிவுசெய்கிறார். துணி துவைத்ததும் தைத்ததும் பெரும்பாலும் வெளியே செய்யப்பட்டன என்றும், அதற்கான கணக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றும் அவரே எழுதுகிறார். எளிய வாழ்க்கையின் செலவை வேறு யாரோ சுமக்கிறார்களா என்று கேட்க நமக்குக் கற்றுத்தருவது அவருடைய கணக்குத்தான்.

அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், பிரிட்டனில் சிக்கனம் ஒரு தேசிய மதமாகவே மாறியது. அதன் தலைமைக் குருவாக விளங்கியவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த சாமுவேல் ஸ்மைல்ஸ். மருத்துவம் படித்தவர், லீட்ஸ் நகரில் பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தவர். அந்நகரில் தாமாகவே கூடி மாலை வகுப்பு நடத்திய தொழிலாளர்களுக்கு 1845 இல் அவர் ஆற்றிய உரையே, 1859 இல் ‘சுயஉதவி’ என்ற நூலாக விரிந்தது. முதல் வருடத்திலேயே அது 20,000 பிரதிகள் விற்பனையானது. 1875 இல் ‘சிக்கனம்’ என்ற நூலையும் எழுதினார். தொழிலாளர் குடும்பங்களின் துயரத்துக்குக் கூலியின் குறைவைவிட முன்யோசனையின்மையே பெரிய காரணம் என்பது அதில் மீண்டும் மீண்டும் வரும் கருத்து.

அந்தக் காலத்தின் காற்று இலங்கையிலும் வீசியது. 1861 இல் பிரிட்டனில் தபால் அலுவலகச் சேமிப்பு வங்கி ஆரம்பிக்கப்பட்டது. 1832 இலேயே இலங்கைச் சேமிப்பு வங்கியைக் கண்டிருந்த கொழும்பு, 1885 இல் தபால் அலுவலகச் சேமிப்பு வங்கியையும் பெற்றது. இவை இரண்டையும் உள்வாங்கியே 1972 இல் தேசிய சேமிப்பு வங்கி உருவானது. கிராமத்துத் தபால்கந்தோரில் முத்திரை ஒட்டிச் சேமித்த பிள்ளைகள் ஸ்மைல்ஸின் பெயரை அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால், அவர்கள் பயின்றது அவருடைய பாடத்தையே.

ஸ்மைல்ஸுக்கு மறுமொழி கூற முப்பத்தெட்டு வருடங்கள் சென்றன. அதைக் கூறியவர் மோட் பெம்பர் ரீவ்ஸ். அவுஸ்திரேலியாவில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். அங்கு 1893 இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைப்பதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர். பின்னர் லண்டனில் குடியேறி, ஃபேபியன் பெண்கள் குழுவை அமைத்தவர்களில் ஒருவரானார். 1909 தொடக்கம் 1913 வரை, லண்டனின் லாம்பெத் பகுதியில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களை அக்குழுவினர் வாரந்தோறும் சென்று சந்தித்தனர். வாரத்துக்குச் சுமார் ஒரு பவுண் வருமானமுள்ள குடும்பங்கள் அவை. குடிகாரர்களையோ வேலையற்றவர்களையோ அவர்கள் தேடிச் செல்லவில்லை. நிலையான வேலையும் நல்ல பெயரும் உடைய குடும்பங்களாகவே தெரிந்தெடுத்தனர். செலவுக் கணக்கை எழுதிவைக்குமாறு தாய்மாரைக் கேட்டுக்கொண்டனர். எழுதத் தெரியாத தாய்மாருக்குக் கணவனோ பிள்ளையோ எழுதிக் கொடுத்தார்கள். கருவுற்றிருக்கும் தாய்க்கும் பிறக்கும் குழந்தைக்கும் போஷாக்குக்காக வாரம் ஐந்து சிலிங் வழங்கப்பட்டது. 1913 இல் வெளிவந்த ‘வாரத்துக்குச் சுமார் ஒரு பவுண்’ என்ற நூல் அந்தக் கணக்குகளிலிருந்து பிறந்தது.

இந்த வரிசையில் ஒரே ஒரு நூலை வாசிக்க அவகாசமுள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. ஓட்ஸ் கஞ்சியைப் பற்றிய ஒரு பகுதி அதில் உண்டு. பாணை விட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் என்ன என்று வசதிபடைத்தவர்கள் அந்தத் தாய்மாருக்கு ஓயாமல் உபதேசித்தார்கள். தாய்மார் செய்தும் பார்த்தார்கள். கஞ்சி பதமாக வேக நேரமும் எரிபொருளும் வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு பழைய பாத்திரம். அதில் கஞ்சி அடிப்பிடிக்கிறது, முந்திய நாள் மீன் கறியின் வாடை ஏறுகிறது. பாலும் சீனியும் சேர்த்தால்தான் பிள்ளைகள் உண்பார்கள். அவற்றை வாங்கப் பணமில்லை. பாணை வெட்டிக் கையில் கொடுப்பதற்குப் பாத்திரமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். அறியாமை என்று மேலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது, கணக்கைப் பார்த்தபோது கெட்டித்தனமாகத் தெரிந்தது.

மற்றொன்று மரணச் செலவு. பிள்ளைக்கு வாரம் ஒரு பென்னி, தாய்க்கு இரண்டு, தந்தைக்கு மூன்று என்ற அளவில் அந்தக் குடும்பங்கள் அடக்கச் செலவுக்கான காப்புறுதி கட்டின. உண்ணப் போதாத வீட்டில் இது என்ன வீண்செலவு என்று போதகர்கள் கடிந்துகொண்டார்கள். ரீவ்ஸ் அதன் காரணத்தை விளக்கினார். பிள்ளைகள் அடிக்கடி இறந்தார்கள். காப்புறுதி இல்லாவிட்டால், ஊர்ச் செலவில் அநாதைப் பிணமாகப் புதைக்கவேண்டும், அல்லது அயலாரிடம் கடன்பட்டு, மிஞ்சியிருக்கும் பிள்ளைகளின் உணவில் குறைத்து அதை அடைக்கவேண்டும். மரண உதவிச் சங்கத்துக்கு மாதச் சந்தா கட்டும் இலங்கைக் கிராமத்தவர் எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை. சேமிக்கத் தெரியாதவர்கள் என்று பழிக்கப்பட்டவர்கள், உண்மையில் மரணத்துக்காகச் சேமித்துக்கொண்டிருந்தார்கள்.

குடும்பங்களுக்கு நேரடிப் படி வழங்கவேண்டும் என்பது உட்பட ரீவ்ஸ் முன்வைத்த கோரிக்கைகள் உடனே நிறைவேறவில்லை. எலினோர் ராத்போன் அம்மையார் போன்றவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின்னர், 1945 இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் குடும்பப் படிச் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டாவது பிள்ளையிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி வழங்கப்பட்டது. லாம்பெத் தாய்மாருக்கு அன்று கொடுக்கப்பட்டது போலவே, அந்தத் தொகையும் வாரம் ஐந்து சிலிங்காக அமைந்தது.

ஸ்மைல்ஸின் ‘சுயஉதவி’ 1871 இல் ஜப்பானிய மொழிக்குச் சென்று, மெய்ஜி காலத்து இளைஞர்களின் வேதநூல் போலானது. அந்த ஜப்பானிலேயே கணக்கு எழுதும் கலையை வீடுதோறும் கொண்டுசென்ற ஒரு பெண் தோன்றினார். 1873 இல் வட ஜப்பானில், முன்னாள் சாமுராய் குடும்பம் ஒன்றில் பிறந்த ஹானி மோட்டோகோ, டோக்கியோவுக்கு வந்து ‘ஹோச்சி ஷிம்புன்’ பத்திரிகையில் ஒப்புநோக்காளராகச் சேர்ந்தார். ஒப்புநோக்கிக்கொண்டிருந்தவரே ஒரு கட்டுரையை எழுதிக் கொடுத்து நிருபரானார். ஜப்பானின் முதல் பெண் நிருபர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். ஒப்புநோக்காளர் மேசையிலிருந்து எழுத்துலகுக்கு வந்த பலரைக் கண்டவன் என்ற முறையில், அவருடைய கதை எனக்குத் தனிப்பட்ட முறையில் நெருக்கமானது.

பத்திரிகையாளரான கணவர் யொஷிகசுவுடன் சேர்ந்து, 1903 இல் குடும்பங்களுக்கான ஒரு சஞ்சிகையை அவர் ஆரம்பித்தார். 1908 இல் ‘பெண்களின் தோழி’ என்ற பொருள்படும் ‘புஜின் நோ தோமோ’ என்ற பெயரைச் சூடிக்கொண்ட சஞ்சிகை அதிலிருந்து வந்ததே. 1904 இல் அவர் வெளியிட்டதே ‘ககெய்போ’ என்ற வீட்டுக் கணக்குக் கொப்பி. அதன் தத்துவம் எளிமையானது. செலவு செய்தபின் வருந்துவதை விட்டு, மாதம் பிறக்கும்போதே உணவு, வாடகை, கல்வி, உடை என்று பிரித்து ஒதுக்கவேண்டும். பின்னர் அன்றாடச் செலவை அன்றன்றே எழுதி, ஒதுக்கிய தொகையோடு ஒப்பிடவேண்டும். ஹானி இதில் உபதேசத்தைக் குறைத்துக் கட்டங்களைக் கூட்டினார். மிகுதியை வாசகியே எழுதினார். சஞ்சிகையின் வாசகிகள் 1930 இல் நாடு தழுவிய சங்கமாகத் திரண்டு, தங்கள் கணக்குகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுக் கற்றுக்கொண்டார்கள். அண்மைக் காலத்தில் மேலைநாடுகளில் ‘ககெய்போ’ ஒரு நாகரிகமாகப் பரவியபோது, அதன் பின்னால் ஒரு பத்திரிகைப் பெண்மணி நின்றதைப் பலர் அறிந்திருக்கவில்லை.

இந்தக் கதைக்குக் கசப்பான ஒரு பகுதியும் இருக்கிறது. யுத்த காலத்தில் ஜப்பானிய அரசு, வீட்டுச் சேமிப்பை யுத்தச் செலவுக்கான ஊற்றாகக் கண்டது. பெண்கள் அமைப்புகள் சேமிப்பு இயக்கங்களில் ஈடுபடுத்தப்பட்டன. சதம் சதமாக மிச்சம் பிடித்த பணம் வைப்பாகவும் கடன்பத்திரமாகவும் அரசைச் சென்றடைந்தது. தோல்விக்குப் பின்னர், 1946 பெப்ரவரியில் வங்கி வைப்புகள் முடக்கப்பட்டன. பணவீக்கம் அந்தச் சேமிப்பைத் தின்று தீர்த்தது. ஒழுங்காகக் கணக்கு எழுதிய இல்லத்தரசிகள் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர்களின் கொப்பிக்கு வெளியே, அரசாங்கத்தின் பெரிய கணக்குப் புத்தகத்தில் நடந்த தவறு அவர்களுடைய கொப்பியை வெறும் கடதாசியாக்கியது.

இதை வாசிக்கும் இலங்கையர் எவருக்கும் 2022 நினைவுக்கு வராமற் போகாது. அந்த வருடம் ஏப்ரலில் இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. வருடத்தின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் சுமார் 70 சதவீதத்தையும் உணவுப் பணவீக்கம் சுமார் 95 சதவீதத்தையும் தொட்டன. ஓய்வூதியத்தையும் நிலையான வைப்பின் வட்டியையும் நம்பியிருந்த முதியவர்கள் அதுவரை எந்த ஆடம்பரத்தையும் அறியாதவர்கள். ‘மக்கள் சிக்கனமாக வாழப் பழகிக்கொள்ள வேண்டும்’ என்று அந்நாட்களில் கூறப்பட்டபோது, லாம்பெத் தாய்மாருக்குக் கஞ்சியை உபதேசித்தவர்களின் குரலே என் காதில் ஒலித்தது.

வீட்டுக் கணக்கையும் நாட்டுக் கணக்கையும் ஒரே பந்தியில் வைத்து எழுதத் தெரிந்தவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் சில்வியா போர்ட்டர். 1913 இல் பிறந்தவர். 1929 இன் பங்குச் சந்தை வீழ்ச்சியில் அவருடைய தாயார் சேமிப்பை இழந்தார். ஏன் இப்படி நடந்தது என்று அறிய விரும்பிய மகள், ஆங்கில இலக்கியப் படிப்பை விட்டுப் பொருளாதாரம் கற்றார். 1935 இல் ‘நியூயோர்க் போஸ்ட்’ பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். பெண் எழுதும் நிதிச் செய்தியை எவரும் நம்பமாட்டார்கள் என்று கருதியதால் எஸ்.எஃப்.போர்ட்டர் என்ற பெயரிலேயே அவருடைய எழுத்துகள் வெளிவந்தன. 1942 இல்தான் முழுப் பெயரும் படமும் அச்சேறின. பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான பத்திரிகைகள் அவருடைய பத்தியை வெளியிட்டன. 1975 இல் வெளிவந்த அவருடைய ‘பண நூல்’ பெரும் விற்பனை கண்டது. வட்டி வீதம் உயர்ந்தது என்ற செய்தியை, உங்கள் வீட்டுக் கடனின் மாதத் தவணை இவ்வளவால் கூடும் என்று மாற்றி எழுதியதே அவருடைய சாதனை. நிதித்துறையினரின் புரியாத மொழியோடு அவர் வாழ்நாள் முழுவதும் சண்டையிட்டார். எங்கள் ஆசிரியபீடங்களில் பொருளாதாரப் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் இடையில் நின்ற சுவரை அவர் அங்கு இடித்துவிட்டிருந்தார்.

1992 இல் ஜோ டொமிங்குவெஸும் விக்கி ரொபினும் எழுதிய ‘உங்கள் பணமா, உங்கள் வாழ்வா’ வெளிவந்தது. டொமிங்குவெஸ் வோல் ஸ்றீற்றில் வேலைசெய்து, 31 வயதில் ஓய்வு பெற்றவர். பணம் என்பது நம்முடைய ஆயுளின் மணித்தியாலங்களைக் கொடுத்து நாம் பெறும் பொருள் என்பதே அந்நூலின் அடிப்படை. வேலைக்குச் செல்லும் பிரயாண நேரம், அதற்கான உடை, களைப்பைத் தீர்க்கச் செலவிடும் பணம் ஆகியவற்றைக் கழித்தால், ஒரு மணித்தியாலத்துக்கு உண்மையில் நாம் பெறுவது எவ்வளவு என்று கணக்கிடச் சொல்கிறார்கள். இரண்டு வேலைகளும் வாரக் கடைசி வேலையும் என்று வெளிநாடுகளில் உழைக்கும் நம்மவர்கள், ஒருமுறையாவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இவர்களில் கடைசியாக நான் குறிப்பிட விரும்புபவர் ஏமி டிசிஷன். மெய்ன் மாநிலத்தின் ஒரு பழைய பண்ணை வீட்டில் வாழ்ந்த, ஆறு பிள்ளைகளின் தாய். ஆண்டுக்கு 30,000 டொலருக்கும் குறைந்த குடும்ப வருமானத்தில், ஏழு வருடங்களுக்குள் 49,000 டொலரைச் சேமித்த அனுபவத்தைக் கொண்டு, 1990 இல் ஒரு செய்திமடலை ஆரம்பித்தார். ‘கஞ்சர் வர்த்தமானி’ என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். ஒரு பொருளை வீட்டில் செய்தால் என்ன விலை, கடையில் வாங்கினால் என்ன விலை என்று சதம் வரை கணக்கிட்டு எழுதினார். வாசகர்கள் அனுப்பிய கணக்குகளையும் சரிபார்த்து வெளியிட்டார். அது பெருவெற்றி பெற்றது. 1996 டிசம்பரில் அவரே அதை நிறுத்தினார். தமக்குத் தேவையான அளவு சம்பாதித்தாயிற்று, இனிக் குடும்பத்தோடு நேரத்தைச் செலவிடப்போகிறேன் என்பதே அவர் கூறிய காரணம். சிக்கனத்தைப் பற்றி எழுதிப் பெரும் பணம் சம்பாதித்தவர்கள் பலர். போதும் என்று சொல்லி நிறுத்தியவர்கள் அரிது.

இவர்கள் அனைவரையும் வாசித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். உபதேசம் விரைவில் பழசாகிவிடுகிறது. கடிதத்தின் வெற்றுப் பக்கத்தைச் சேமிக்கும் யோசனையால் இன்று எவருக்கும் பயனில்லை. ஆனால், தோரோவின் அரைச் சதமும், லாம்பெத் தாயின் ஒரு பென்னிக் காப்புறுதியும், பிராங்ளின் வீட்டுக் கிண்ணத்தின் 23 சிலிங்கும் ஒரு காலத்தின் சாட்சியங்களாக நிலைத்துவிட்டன. ஒரு சமூகம் உண்மையில் எப்படி வாழ்ந்தது என்பதை மன்னர்களின் சாசனங்களைவிட இத்தகைய கொப்பிகள் சிலவேளை தெளிவாகச் சொல்கின்றன.

எமது மக்களிடமும் இத்தகைய கொப்பிகள் இருந்தன. சீட்டுக் கட்டிய பணம், அடகு வைத்த தாலிக்கொடி, பலசரக்குக் கடையின் பாக்கி, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய காசு என்று பழைய நாட்குறிப்புகளின் பின்பக்கங்களில் எழுதிவைத்தவர்கள் அநேகர். இடப்பெயர்வுகளில் பல அழிந்திருக்கும். உலகின் எந்த மூலையிலிருந்தாவது இதை வாசிக்கும் அன்பர்களின் வீடுகளில் தாயாரோ பாட்டனாரோ எழுதிய ஒரு கணக்குக் கொப்பி எஞ்சியிருக்குமானால், அதைப் பழைய கடதாசியோடு சேர்த்து எறிந்துவிடாதீர்கள். ஒரு வருடத்துக் கணக்கையாவது பிரதிசெய்து, அவர்களோடு பேசி, எதற்காக அந்தச் செலவு என்பதைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அதைக் கேட்டறியக்கூடிய தலைமுறை இன்னும் சில காலமே நம்முடன் இருக்கும்.